கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தொடக்கப் பாடம்

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கடற்கரையில் உளிச்சத்தம்தான். பலகை பெயர்ப்பார்கள், புதுப்பலகை அடிப்பார்கள், இன்ஜினை இறக்குவார்கள். வருஷமெல்லாம் தள்ளிப்போட்ட வேலைகளுக்கும் அப்போதுதான் நேரம் கிடைக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில் சித்தப்பா என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து மேஜைமேல் இரண்டு ஜிபிஎஸ் கருவிகளை வைத்தார். ஒன்று உப்புக்காற்றில் வெளுத்த பழசு. இன்னொன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுசு.

“இதுல இருக்கிற பாயிண்டு எல்லாத்தையும் அதுல ஏத்திக் குடுப்பா. வலை சிக்குற கல்லு, பாரு, எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு.”

“வச்சிட்டுப் போங்க சித்தப்பா, சாயங்காலம் தர்றேன்” என்றேன். நான்கு நாள் ஆனது.

இந்த வேலைக்கென்றே ஜிபிஎஸ்பேபல் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு கருவியின் கோப்பை இன்னொரு கருவிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தரும். என் கடைக் கணிப்பொறியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்திலும் அது இருந்தது. ஆனால் அது பழைய பதிப்பு. சித்தப்பாவின் கோப்பைத் தெரியாத வடிவம் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டது. புதுப் பதிப்பு வேண்டும், ஆனால் என் லினக்ஸின் மென்பொருள் கிடங்கில் அது இன்னும் வந்து சேரவில்லை. மூலநிரலை இறக்கி நானே கட்டினால்தான் உண்டு. அந்த நான்கு நாளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை முனையத்தை, அதாவது கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து இரண்டு கட்டளை மட்டும் தட்டிப் பார்த்தவருக்குப் போதுமான அளவில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

மூலநிரல் என்றால் என்ன, பைனரி என்றால் என்ன

மனிதர் எழுதிப் படிக்கும் வடிவம் மூலநிரல். சி, சி++ போன்ற மொழியில், சாதாரண உரைக்கோப்பாக இருக்கும். கணிப்பொறியின் சிப்புக்கு அது புரியாது. அதற்குத் தெரிந்தது தனக்கே உரிய எண் கட்டளைகள் மட்டும். முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிற நிரலுக்குப் பெயர் கம்பைலர். மாற்றி முடித்த பின் கிடைப்பது பைனரி, அதாவது ஓடத் தயாரான நிரல்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், படகு கட்டும் தச்சரான ஓடாவியின் மனதில் இருக்கும் அளவும் கணக்கும் மூலநிரல். கரையில் நிற்கும் படகு பைனரி. பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, நாங்கள் சொல்லும் வடகடல், ஆழம் குறைவு. தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல், வேறு குணம். எந்தக் கடலுக்கு, எந்த மரத்தில் என்று கேட்டுத்தான் ஓடாவி வேலையைத் தொடங்குவார். அதுபோல ஒரே மூலநிரலை இன்டெல் சிப் உள்ள லேப்டாப்புக்கு ஒரு விதமாகவும், ஏஆர்எம் சிப் உள்ள ராஸ்பெர்ரி பை சின்னக் கணிப்பொறிக்கு வேறு விதமாகவும் கட்டவேண்டும். லேப்டாப்புக்குக் கட்டிய பைனரியை ராஸ்பெர்ரி பையில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று ஒரே வரியில் பதில் வரும். நிரலில் குறை இல்லை. சிப்புக்கு அந்த மொழி தெரியாது, அவ்வளவுதான்.

ஒப்புமையை இதற்குமேல் இழுக்கவேண்டாம். படகை நகலெடுக்க முடியாது, மூலநிரலை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை அறிவித்ததற்கு அடிப்படையே இந்த மூலநிரல்தான். பைனரியை மட்டும் கொடுத்துவிட்டு நிரலைப் பூட்டி வைத்தால், வாங்கியவர் அதில் ஒன்றையும் மாற்ற முடியாது. மூலநிரல் கையில் இருந்தால் படிக்கலாம், மாற்றலாம், திரும்பக் கட்டலாம். இன்று லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலர் அந்தத் திட்டத்திலிருந்து 1987-இல் வந்தது.

கட்டவேண்டிய தேவை எப்போது வரும்

என்னைக் கேட்டால், பத்தில் ஒன்பது முறை கட்டவே வேண்டாம். உபுண்டு, டெபியன், அரசு லேப்டாப்புகளில் வந்த பாஸ் லினக்ஸ் எல்லாவற்றிலும் மென்பொருளை நிறுவித் தரும் ‘ஆப்ட்’ இருக்கிறது. அதற்கு முன்னால் போடும் ‘சூடோ’, நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று சொல்வது. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ போட்டுப் பெயரைத் தந்தால், வேறொருவர் ஏற்கெனவே கட்டிச் சோதித்துவைத்த பைனரி வந்து இறங்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் தானாக வரும். அங்கே கிடைக்கிற ஒன்றைக் கட்ட உட்கார்வது, சந்தையில் மீன் இருக்கும்போது கடலுக்குப் போவது மாதிரி.

கிடங்கில் அந்த மென்பொருளே இல்லாவிட்டால், அல்லது என் கதை போலப் பழைய பதிப்பு மட்டும் இருந்தால், கட்டவேண்டியதுதான். நிரலில் ஏதாவது மாற்ற நினைத்தாலும் அப்படித்தான். இன்னொரு காரணமும் உண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசை. அந்த ஆசைக்கு மிகப் பொருத்தமான நிரல் குனு ஹலோ. ‘ஹலோ, வேர்ல்ட்!’ என்று ஒரு வரி எழுதுவதைத் தவிர அது பெரிதாக எதுவும் செய்யாது. மூலநிரலை எப்படிக் கட்டமைத்து வெளியிடவேண்டும் என்று காட்டும் மாதிரியாகவே அதை வைத்திருக்கிறார்கள். நாமும் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஹலோவைக் கட்டுதல்

முதலில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’. இது கம்பைலர், மேக், இன்னும் சில கருவிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. உளியும் சுத்தியலும் இல்லாமல் பட்டறைக்குப் போகமுடியாதே.

அடுத்து குனுவின் தளத்தில் ஹலோவின் கோப்பை இறக்குங்கள். ஒரு எம்பி அளவுதான். எங்கள் ஊர் மொபைல் நெட்டே தாங்கும். பெயரின் கடைசியில் ‘டார்’, ‘ஜிஇசட்’ என்று இரண்டு ஒட்டு இருக்கும். டார் என்பது டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். காந்த நாடாவில் கோப்புகளைச் சேமித்த காலத்தின் மிச்சம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது டார், அதை அமுக்கிச் சிறிதாக்குவது ஜிஇசட். ‘டார் எக்ஸ்எஃப்’ என்று தட்டி, அந்தக் கோப்பின் பெயரைத் தந்தால் மூட்டை பிரிந்து ஒரு ஃபோல்டர் கிடைக்கும். ‘சிடி’ போட்டு உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் ‘ரீட்மீ’, ‘இன்ஸ்டால்’ என்ற இரண்டு கோப்புகளைத் திறந்து படியுங்கள். நானும் படிக்காமல்தான் தொடங்கினேன். அதனால்தான் நான்கு நாள்.

இப்போது மூன்று கட்டளைகளில் முதலாவது: புள்ளி, சாய்கோடு, கன்ஃபிகர். முன்னால் வரும் புள்ளியும் சாய்கோடும் ‘இதே ஃபோல்டரில் இருப்பதை ஓட்டு’ என்று பொருள்படும். தட்டியதும் திரையில் வரிவரியாக ஓடும். கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. அது வேலை செய்கிறதா, செய்கிறது. இந்தச் சிப்பில் ஓர் எண்ணுக்கு எத்தனை பைட், இன்ன வசதி உண்டா, இல்லையா. நூற்றுக்கணக்கில் கேள்வி. ஓடாவி மரத்தைத் தட்டிப் பார்ப்பது போல, கட்டுவதற்கு முன் உங்கள் கணிப்பொறியைத் தட்டிப் பார்க்கிறது கன்ஃபிகர். 1980-களில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் ஓடாது. இந்தக் கேள்விகளைக் கையால் எழுதி அலுத்துப்போனவர்களுக்காக, அவற்றைத் தானாகவே எழுதித் தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி 1991-இல் வந்தது. உங்கள் முன்னால் இருக்கும் கன்ஃபிகர் கோப்பு அதன் கைவேலைதான். திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், மிரளவேண்டாம், யாரும் அதைக் கையால் எழுதவில்லை.

எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்ததும் அது ‘மேக்ஃபைல்’ என்ற கோப்பை எழுதிவைக்கும். எதை எதிலிருந்து, எந்தக் கட்டளையால் கட்டவேண்டும் என்ற பட்டியல் அது.

இரண்டாவது கட்டளை: மேக். அவ்வளவுதான், ஒரே சொல். இப்போதுதான் கம்பைலர் உண்மையாக வேலை செய்கிறது. ஒவ்வொரு சி கோப்பையும் எடுத்து, அதற்கு இணையாக ‘ஓ’ என்று முடியும் ஆப்ஜெக்ட் கோப்பை எழுதும். இது பாதிப் பொருள், அறுத்து இழைத்த பலகை மாதிரி. எல்லாப் பலகையும் தயாரானதும் லிங்கர் அவற்றை ஒன்றாக இணைத்து முழு நிரலாக்கும். முடிந்ததும் புள்ளி, சாய்கோடு, ஹலோ என்று தட்டிப் பாருங்கள். வணக்கம் சொல்லும்.

இங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். ‘எஸ்ஆர்சி’ ஃபோல்டருக்குள் ஹலோவின் சி கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து, ‘ஹலோ, வேர்ல்ட்!’ என்று இருக்கும் இடத்தில் ‘வணக்கம், பாம்பன்!’ என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு ‘மேக் ஹலோ’ என்று தட்டுங்கள். இரண்டு மூன்று வரியில் வேலை முடியும். மாற்றிய கோப்பை மட்டும் திரும்ப கம்பைல் செய்துவிட்டு இணைத்துவிடும். மற்றதை எல்லாம் தொடாது. ஓட்டிப் பார்த்தால் உங்கள் வரி வரும். சில முனையங்களில் தமிழின் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். அது முனையத்தின் கோளாறு, உங்கள் நிரலுக்கு அதில் பங்கில்லை. நானே மாற்றிய நிரல் ஓடுவதை முதன்முதலில் பார்த்தபோது, ஒரு வரிதானே என்று தோன்றவில்லை.

மேக் நேரத்தைப் பார்க்கிறது

மாற்றியது இந்தக் கோப்பு மட்டும்தான் என்று மேக்குக்கு எப்படித் தெரியும்? கோப்பின் நேரத்தைப் பார்க்கிறது. சி கோப்பின் நேரம் ஆப்ஜெக்ட் கோப்பின் நேரத்தைவிடப் புதிதாக இருந்தால் திரும்பக் கட்டும். இல்லையென்றால் விட்டுவிடும். வேறு எந்த மாயமும் இல்லை.

பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் இதை எழுதினார். அவருடன் வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுதையே பிழை தேடி வீணாக்கியிருந்தார். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார், ஆனால் திருத்திய கோப்பை கம்பைல் செய்ய மறந்துவிட்டார். பழைய பைனரியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலில் பிறந்தது மேக். அதே மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன் இடைவெளி விடக்கூடாது, டேப் சாவியைத்தான் அழுத்தவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அது தவறு என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களே, அவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று விட்டுவிட்டாராம். ஐம்பது வருஷமாக உலகமே அந்தப் பத்துப் பேருக்காக டேப் அழுத்திக்கொண்டிருக்கிறது.

நேரத்தைப் பார்க்கும் இந்தக் குணத்தால் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு நன்மையும் இரண்டு தொல்லையும் உண்டு. நன்மை, கரண்ட். பாதி கட்டும்போது கரண்ட் போனாலும், வந்த பிறகு திரும்ப மேக் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்த பலகையை மறுபடி அறுக்காது.

தொல்லை ஒன்று: கரண்ட் போன அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு பாதியிலோ காலியாகவோ நின்றிருக்கும். நேரம் புதிது என்பதால் மேக் அதை முடிந்ததாகவே எண்ணிக்கொள்ளும். கடைசியில் இணைக்கும்போது லிங்கர் ‘இந்தக் கோப்பின் வடிவம் புரியவில்லை’ என்று முரண்டு பிடிக்கும். அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மேக் தட்டினால் போதும். எது என்று தெரியாவிட்டால் ‘மேக் க்ளீன்’ போட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தொல்லை இரண்டு ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு. பழைய பை மாடல்களில் கரண்ட் இல்லாதபோதும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து நெட் வராவிட்டால் அது பழைய நேரத்திலேயே விழித்துக்கொள்ளும். அப்போது உங்கள் கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தெரியும். ‘க்ளாக் ஸ்க்யூ’ என்று மேக் எச்சரிக்கும். அதைப் பார்த்தால் நெட்டை இணைத்து நேரத்தைச் சரிசெய்துவிட்டு, துடைத்துக் கட்டுங்கள்.

சித்தப்பாவின் வேலைக்கு வருவோம்

ஹலோ யாரையும் நம்பி இல்லாத நிரல். ஜிபிஎஸ்பேபல் அப்படி இல்லை. பெரிய நிரல்கள் எல்லாவற்றையும் தாமே எழுதிக்கொள்வதில்லை. யூஎஸ்பி கருவியோடு பேச ஒரு நூலகம், கோப்பு படிக்க ஒரு நூலகம் என்று மற்றவர் எழுதிவைத்ததைக் கடன் வாங்கும். நூலகம் என்றால் இங்கே லைப்ரரி, பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு.

ஜிபிஎஸ்பேபலில் கன்ஃபிகர் இல்லை, சிமேக் என்ற புதிய கருவி இருக்கிறது. சி++ திட்டங்கள் பலவும் இப்போது இதைத்தான் வைத்திருக்கின்றன. வேலை அதேதான்: கணிப்பொறியைச் சோதித்து, கட்டும் பட்டியலை எழுதித் தருவது. மூலநிரல் ஃபோல்டரில் நின்று ‘சிமேக், கழித்தல் எஸ், புள்ளி, கழித்தல் பி, பில்ட்’ என்று தட்டினேன். இங்கே எஸ், பி இரண்டு மட்டும் பெரிய எழுத்து. ‘மூலம் இங்கே இருக்கிறது, கட்டுவதை பில்ட் என்ற தனி ஃபோல்டரில் வை’ என்று பொருள். பத்து நொடியில் சிவப்பு எழுத்தில் நின்றது. க்யூடி6 என்ற நூலகத்தின் கோப்பைக் காணோமாம்.

சரி, க்யூடி6 என் கணிப்பொறியில் இருக்கிறதே என்று பார்த்தேன். இருந்தது. ஆனாலும் காணோம் என்கிறது. தொடக்கத்தில் எல்லோரும் முட்டி நிற்கிற இடம் இது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு நூலகத்துக்கு இரண்டு பங்கு உண்டு. ஓடும்போது தேவைப்படும் பைனரி ஒன்று. கட்டும்போது தேவைப்படும் ஹெடர் கோப்புகள் இன்னொன்று. ‘என்னிடம் இன்னின்ன வேலைகள் உண்டு, இப்படிக் கூப்பிடு’ என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்புகள் அவை. நிரலை ஓட்ட மட்டும் நினைப்பவருக்கு ஹெடர் தேவையில்லை என்று டெபியனும் உபுண்டுவும் அதைத் தனி மூட்டையாகப் பிரித்துவைக்கின்றன. அந்த மூட்டையின் பெயர் ‘டெவ்’ என்று முடியும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் ‘டெவல்’. ஆகவே கட்டும்போது எதையாவது காணோம் என்று வந்தால், அந்தப் பெயரோடு டெவ் சேர்த்து ‘ஆப்ட் செர்ச்’ செய்து பாருங்கள். எனக்கு க்யூடி6-இன் அடிப்படை டெவ், அடுத்து சீரியல் போர்ட் டெவ், அப்புறம் லிப்யூஎஸ்பி டெவ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒன்றைப் போட்டால் அடுத்ததைக் கேட்கும். ரேஷன் கடையில் ஒவ்வொரு தாளாகக் கேட்பது மாதிரி. மொத்தப் பட்டியலும் இன்ஸ்டால் குறிப்பில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கிடங்கில் பழைய பதிப்பாவது இருக்கும் மென்பொருளுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு: ‘ஆப்ட் பில்ட்-டெப்’. அந்தப் பழைய பதிப்பைக் கட்ட என்னென்ன தேவைப்பட்டதோ, எல்லாம் ஒரே முறையில் வந்துவிடும். முதலில் கிடங்கின் மூலநிரல் வரிசையை அமைப்பில் திறந்துவைக்கவேண்டும், அவ்வளவுதான்.

பிழைச் செய்தி படிப்பதில் ஒரு பழக்கம். கடைசி வரியைப் பார்க்காதீர்கள். ‘எரர் 1’, ‘எரர் 2’ என்று முடியும் அந்த வரி, வேலை நின்றுவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். மேலே ஏறிப் போய் ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் எங்கே வந்தது என்று தேடுங்கள். காரணம் அங்கே இருக்கும். முதல் பிழையால் வந்த குட்டிகள்தான் கீழே இருக்கும் நாற்பது வரியும். அந்த முதல் வரியை அப்படியே நகலெடுத்துத் தேடுபொறியில் போட்டால், உங்களுக்கு முன்னால் அதில் மாட்டியவர் யாராவது நிச்சயம் இருப்பார்.

எல்லா டெவ்வும் வந்தபின் ‘சிமேக், இரட்டைக் கழித்தல் பில்ட், பில்ட்’ என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். வேகமாக முடியட்டும் என்று ‘கழித்தல் ஜே 4’ சேர்த்திருந்தேன். நான்கு கோப்பை ஒரே நேரத்தில் கம்பைல் செய் என்று அர்த்தம். திரும்பி வந்தால் ‘கில்ட்’ என்று ஒரு சொல்லோடு நின்றிருந்தது. பிழை என்னவென்று ஒரு விளக்கமும் இல்லை. அரை நாள் நிரலையே சந்தேகப்பட்டேன். காரணம் நினைவகம். கடையில் அந்த வேலைக்கு வைத்திருந்தது 1 ஜிபி ரேம் உள்ள பழைய ராஸ்பெர்ரி பை. சி++ கம்பைலர் பெருந்தீனிக்காரன். நான்கு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததும் இடம் போதாமல், லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவரை வெட்டிவிட்டது. ஜே 1 என்று மாற்றித் திரும்பத் தட்டினேன். முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியைக் கட்டியது. இரவு முழுக்க ஓடி விடியற்காலம் முடிந்தது.

நிறுவுவது, பிறகு நீக்குவது

மூன்றாவது கட்டளை ‘மேக் இன்ஸ்டால்’. இதில் மாயம் எதுவும் இல்லை, கட்டிய கோப்புகளை உரிய ஃபோல்டர்களில் நகலெடுத்து வைக்கும். வழக்கமாக ‘யூஎஸ்ஆர்’க்குள் இருக்கும் ‘லோக்கல்’ ஃபோல்டருக்குப் போகும். ஆப்ட் அந்த இடத்தைத் தொடாது. நீங்களே கட்டியவற்றுக்கென்று ஒதுக்கிய இடம் அது. அங்கே எழுத சூடோ வேண்டும். கன்ஃபிகரும் மேக்கும் சூடோ இல்லாமல்தான் ஓடவேண்டும், கடைசிப் படிக்கு மட்டும் சூடோ. இணையத்தில் சிலர் மூன்றுக்கும் சூடோ போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

சூடோவே வேண்டாம் என்றால், கன்ஃபிகர் தட்டும்போது இரட்டைக் கழித்தலுடன் ‘ப்ரிஃபிக்ஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் இருக்கும் ‘புள்ளி லோக்கல்’ என்பதைக் காட்டுங்கள். எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும், கணிப்பொறியின் மற்ற பாகத்துக்குப் பாதகம் இல்லை. தொடங்குபவருக்கு நான் இதையே சொல்வேன். ஜிபிஎஸ்பேபலுக்கு நான் நிறுவும் படியைக்கூடத் தொடவில்லை. கட்டி முடித்த ஒரே ஒரு பைனரியை அங்கே நகலெடுத்துக்கொண்டேன், போதுமாக இருந்தது.

நீக்குவதுதான் பலரும் யோசிக்காத பக்கம். ஆப்டுக்கு எந்தக் கோப்பை எங்கே வைத்தோம் என்ற கணக்கு உண்டு. நீங்களே கட்டியதற்கு அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. ஹலோ போன்றவற்றில் ‘மேக் அன்இன்ஸ்டால்’ இருக்கும். ஆனால் அதற்கு அந்த மூலநிரல் ஃபோல்டர் வேண்டும். சில வருஷம் முன்னால் ஒரு படம் திருத்தும் மென்பொருளைக் கட்டி நிறுவிவிட்டு, இடம் அடைக்கிறது என்று ஃபோல்டரை அழித்துவிட்டேன். பிறகு ஆப்டில் புதுப் பதிப்பு வந்தது, நிறுவினேன். ஓட்டினால் பழையதே வருகிறது. திரும்ப நிறுவினேன், அதே பழையது. பெயரைத் தட்டும்போது லினக்ஸ் சில ஃபோல்டர்களை வரிசையாகத் தேடும். அந்த வரிசைக்கு ‘பாத்’ என்று பெயர். அதில் லோக்கல் முன்னால் நிற்கும். நான் மறந்துபோன பழைய பைனரி அங்கே உட்கார்ந்து வருகிறவரை எல்லாம் வழிமறித்துக்கொண்டிருந்தது. ‘டைப், கழித்தல் ஏ’ போட்டு நிரலின் பெயரைத் தந்தால் அந்தப் பெயரில் எத்தனை எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும். இதை அன்றே தெரிந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். இப்போது கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன கட்டினேன், எந்தப் பதிப்பு, எங்கே வைத்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

நூலகம் எதையாவது கட்டி லோக்கலில் நிறுவியிருந்து, நிரலை ஓட்டும்போது ‘ஷேர்டு லைப்ரரி’ ஒன்றைத் திறக்க முடியவில்லை என்று வந்தால், ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஒருமுறை தட்டுங்கள். புது நூலகம் வந்த செய்தி அப்போதுதான் கணிப்பொறிக்குப் போய்ச் சேரும்.

நம்பிக்கை பற்றியும் சொல்லிவிடவேண்டும். மூலநிரல் திறந்திருப்பதால் தானாகவே பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம். கன்ஃபிகரும் மேக்கும் உங்கள் கணிப்பொறியில் ஓடும் நிரல்கள்தான்; எழுதியவர் நினைத்தால் எதையும் செய்யலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளை அமுக்கும் மென்பொருளில் யாரோ கள்ளக்கதவு வைத்தது வெளியே வந்தது. 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்பிலும் இருந்தது. பொதுவில் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாத ஒரு துணுக்கு, வெளியிட்ட டார் மூட்டையின் கட்டும் கோப்புக்குள் ஒளிந்திருந்தது. கணிப்பொறிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார். அவரைப்போல நம்மால் தோண்ட முடியாது. ஆனால் மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கலாம். அங்கே தந்திருக்கும், கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு, ‘எஸ்ஹெச்ஏ256சம்’ கட்டளை தரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வழியில் கோப்பு சிதைந்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். எங்கள் ஊர் நெட்டில் அது அடிக்கடி நடப்பதுதான்.

ஐந்தாம் நாள் காலையில் சித்தப்பா வந்து நின்றார். புது ஜிபிஎஸ்பேபலிடம் பழைய கோப்பைக் கொடுத்து, ஜிபிஎஸ் கருவிகளுக்குப் பொதுவான ஜிபிஎக்ஸ் வடிவத்தில் கேட்டேன். கட்டளையில் சிறிய எஃப் உள்ளே போகும் கோப்புக்கு, பெரிய எஃப் வெளியே வரும் கோப்புக்கு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அரை நொடியில் முடிந்தது. நான்கு நாள் கட்டியது அரை நொடி வேலைக்கு.

கருவியில் ஏற்றும் முன் சரிபார்க்கவேண்டும் என்று உட்காரவைத்தேன். கருவியில் 9 பாகை 24.5 நிமிடம் என்று இருப்பதை, இடையில் ஏதாவது ஒன்று 9.245 பாகை என்று படித்துவிட்டால் கதை கந்தல். 24.5 நிமிடம் என்றால் 0.408 பாகை. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 18 கிலோமீட்டர். பாம்பனுக்கு வடக்கே வடகடலில் இருக்கும் கல், தீவைத் தாண்டித் தென்கடலில் போய் நிற்கும். எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கும் கடலில் இது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு புள்ளியாக வரைபடத்தில் வைத்துக் காட்டினேன். சித்தப்பா ஒவ்வொன்றையும் பார்த்து, “ம், இது சரி”, “இங்கதான் போன வருஷம் வலை போச்சு” என்று தலையசைத்துக்கொண்டே வந்தார்.

ஒரு புள்ளி மட்டும் தரையில் நின்றது, தங்கச்சிமடத்துக்கு நடுவே.

“சித்தப்பா, இது தப்பா மாறியிருக்கு போல” என்று நான் கணக்கைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

“தப்பில்லப்பா. வாங்குன அன்னைக்கு எப்படி அமுக்குறதுன்னு பாக்க, வீட்டு வாசல்ல நின்னு ஒண்ணு அமுக்குனேன்.”

அந்தப் புள்ளியையும் சேர்த்தே ஏற்றிக் கொடுத்தேன்.